பதினோரு ஒன்றுகள்

பதினோரு ஒன்றுகளை வரிசையாக எழுதி வைத்தால் என் கண்ணுக்கு அது நூலோட்டிப் போட்ட துணி மாதிரித்தான் தெரியும். நான் தையல் சொல்லிக்கொடுப்பவள். பாளையங்கோட்டையில் எங்கள் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இன்பமணி டீச்சர் என்றால் ஊசி, நூல், வாய் மூன்றும் ஞாபகத்துக்கு வரும் என்று பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வார்கள். பேசட்டும். அப்படிப்பட்ட என் தையல் அறையில், என் மேஜைக்கு எதிரில், என் நிம்மதியைக் கெடுத்துக்கொண்டு அந்தப் பதினோரு ஒன்றுகள் ஒரு வருஷம் குடியிருந்தன.

அதைக் கொண்டுவந்து விட்டவர் டிப்டி இன்ஸ்பெக்டர் முத்துசுப்பிரமணிய ஐயர். வருஷந்தோறும் மார்ச் மாதம் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வருவார். அவர் கணக்கில் எம்.ஏ. என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவர் நடையே சொல்லிவிடும். 1911-இல் அவர் வந்தபோது எங்கள் கணக்கு டீச்சர் ஹெப்சிபா ஒரு விண்ணப்பத்தோடு காத்திருந்தாள். மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ராவும் ஜியோமெட்ரியும் நடத்த சர்க்கார் அனுமதி வேண்டும். அனுமதி இல்லையென்றால் அவர்கள் அந்தப் பாடத்தில் பரீட்சை எழுத முடியாது. எழுதாமல் போனால் காலேஜில் கணக்கும் சயன்ஸும் எட்டாக்கனி. ஆண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கேட்காமலே நடக்கிற பாடத்துக்கு நாங்கள் ஒரு கையெழுத்துக்காகக் கைகட்டி நிற்க வேண்டியிருந்தது.

அந்த வகுப்புக்காகக் காத்திருந்த பிள்ளைகளில் சாத்தான்குளத்து அருமைநாயகம் மகள் தேவமணி ஒருத்தி. டாக்டருக்குத்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றவள். "அடுத்த வருஷமும் வகுப்பு வரலைன்னா அப்பா என்னய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவாவ டீச்சர்" என்று அவள் ஹெப்சிபாவிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். வீட்டுக்குப் போனால் அடுத்தது கல்யாணம். அதில் சந்தேகமே இல்லை.

டிப்டி விண்ணப்பத்தைப் படித்தார், சிரித்தார். பிறகு எங்கள் தலைமை ஆசிரியை மிஸ்ஸியம்மாவைப் பார்த்து, "பொண்களுக்குப் புத்தி இல்லேன்னு நான் சொல்லலை. நீளமான கணக்குன்னா நடுவிலே விட்டுடுவா. பொறுமை போறாது" என்றார். மிஸ்ஸியம்மா சீமையிலிருந்து கப்பலேறி வந்து முப்பது வருஷமாக எங்கள் வெயிலில் கிடக்கிறவர். பொறுமையைப் பற்றி அவரிடமே சொல்கிறார்.

அவர் சாக்குக்கட்டியை எடுத்து என் அறைக் கரும்பலகையில் எழுதினார். 11111111111.

"இந்த எண் ஒண்ணைத் தவிர வேற எந்த எண்ணாலயாவது மீதியில்லாம வகுபடுமா, படாதா? படும்னா எதாலன்னு சொல்லணும். படாதுன்னா, எல்லாத்தையும் போட்டுப் பார்த்துட்டோம்னு நெஞ்சைத் தொட்டுச் சொல்லணும். அடுத்த தரம் வரும்போது கேக்கறேன். விடை சரின்னா அன்னிக்கே கையெழுத்துப் போடறேன். தப்புன்னா இந்தப் பேச்சை இத்தோட விட்டுடணும்."

ஹெப்சிபா "சரி ஐயா" என்றாள். அவ்வளவுதான். அப்பாத்துரை உபதேசியாரின் மகள் அவள். ஆள் குச்சியாக இருப்பாள், பிடிவாதம் மட்டும் அவளைவிட இரண்டு சுற்றுப் பெரிது.

சென்னையில் படித்த அவள் அண்ணனின் பழைய அல்ஜீப்ரா புத்தகம் ஒன்று அவளிடம் இருந்தது. அதிலிருந்து ஒரு விதியைப் பிடித்துக்கொண்டாள். அது ஏன் என்று எனக்கு விளக்கினாள், நானும் தலையாட்டினேன். ஏன் என்பது புரியவில்லை, எப்படி என்பது புரிந்தது. பதினொன்று, பதின்மூன்று போலத் தானே வகுபடாத ஓர் எண்ணிக்கையில் ஒன்றுகளை எழுதினால், அந்த எண்ணிக்கையை இரட்டிப்பாக்க வேண்டும். இரட்டிப்பின் மடங்கோடு ஒன்றைக் கூட்டினால் வரும் எண்களில் மட்டும் தேடினால் போதும். பதினொன்றுக்கு இரட்டிப்பு இருபத்திரண்டு. ஆக 23, 45, 67, 89 என்று போகும். அதிலும் 45 போலத் தாமே வகுபடுகிறவற்றைத் தள்ளிவிடலாம். ஒரு லட்சத்தைச் சற்றுத் தாண்டும்வரை பார்த்தால் போதும், அதற்கு மேலே ஒன்று இருந்தால் அதன் ஜோடி கீழே இருந்தே ஆக வேண்டும் என்றாள். இத்தனை தள்ளிய பிறகும் ஆயிரத்தை ஒட்டி வகுத்தல்கள் மிஞ்சின. ஒவ்வொன்றும் கை வலிக்க வலிக்கப் போட வேண்டிய நீள வகுத்தல்.

"ஏட்டி, இது என்ன ஆசைக்குச் செய்யுதியா, வீம்புக்குச் செய்யுதியா?" என்று கேட்டேன்.

"ரெண்டுக்கும்தான் அக்கா" என்றாள்.

ஜூன் மாதம் பாகீரதி வந்தாள். திருநெல்வேலி டவுனில் பஞ்சாங்கம் கணிக்கிற வீட்டுப் பெண். சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவள். அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆசிரியைப் பயிற்சிக்கு எங்களிடம் சேர அவள் அம்மா ஒப்புக்கொண்டதே பெரிய காரியம், அதற்கு ஒரு நிபந்தனையும் இருந்தது. எங்கள் தண்ணீர், பெஞ்சு, சிலேட்டு, சாக்குக்கட்டி எதையும் அவள் தொடக்கூடாது. அவர்கள் பாஷையில் அதற்கு மடி என்று பெயர். தினமும் வில்வண்டியில் ஆற்றுப் பாலம் தாண்டி வருவாள். உட்கார ஒரு மணை, குடிக்க ஒரு செம்புத் தண்ணீர், எழுதத் தன் சொந்த சிலேட்டு எல்லாம் கூடவே வரும். ஆசிரியைகள் முணுமுணுத்தார்கள். அதிகமாக முணுமுணுத்தவள் நான். தொட்டால் ஒட்டிக்கொள்ள எங்கள் பிள்ளைகள் என்ன பனங்காய்ப் பிசினா?

ஆனால் அவளுக்குக் கணக்கு வந்தது. வந்தது என்றால், நமக்கு மூச்சு வருவதுபோல வந்தது. அப்பா பஞ்சாங்கத்துக்குக் கிரகக் கணக்குப் போடும்போது பக்கத்தில் இருந்து சோழிகளைத் தரையில் ஒன்று, பத்து, நூறு என்று ஸ்தானம் பிரித்து அடுக்கி, கூட்டிக் கழித்துப் பழகியவள். ஹெப்சிபா அவளை விடுவாளா? பள்ளிக்கூடம் விட்ட பிறகு, வண்டி வரும்வரை, என் தையல் அறையில் இருவரும் உட்கார ஆரம்பித்தார்கள்.

அவர்கள் வேலை செய்த விதம் இப்படி. ஹெப்சிபா பெஞ்சில் சிலேட்டோடு இருப்பாள். பாகீரதி எட்டத்தில் மணையில் உட்கார்ந்து சோழிகளைப் பரப்புவாள். இந்த எண்ணிலிருந்து இந்த எண்ணைக் கழி என்று ஹெப்சிபா சொல்வாள். கண்மூடித் திறப்பதற்குள் பாகீரதி சோழிகளை நகர்த்தி, மீதியை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்வாள். ஹெப்சிபா அதை எழுதிக்கொண்டதும் பாகீரதி சோழிகளை அள்ளிவிடுவாள், ஏனென்றால் இருந்த சோழிகள் ஒரு கழித்தலுக்குத்தான் காணும். ஹெப்சிபா அடுத்த ஒன்றை இறக்கி, அடுத்த கழித்தலைச் சொல்வாள். கடைசியில் ஒன்பது தள்ளிச் சரிபார்ப்பார்கள். இலக்கங்களைக் கூட்டி, ஒன்பதுகளைத் தள்ளி, இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. ஒத்துப்போனால் ஹெப்சிபா வகுத்த எண்ணையும் மீதியையும் மட்டும் ஒரு தாளில் எழுதிவிட்டு சிலேட்டைத் துடைத்துவிடுவாள். தாள் விலை அப்படி.

தனியாளாக ஹெப்சிபா போட்டபோது ஆமை வேகம். இருவரும் சேர்ந்த பிறகு எனக்கே கேட்க ஒரு தாளம் கிடைத்தது. சோழி சிணுங்கும், பாகீரதி இலக்கம் சொல்வாள், சிலேட்டுக் குச்சி கீறும். ஐப்பசியில் ஆற்றில் வெள்ளம் கரை புரண்டு வண்டி வராத நாட்களில் அந்தச் சத்தம் இல்லாமல் எனக்குத் தையல் ஓடவில்லை. அதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் எல்லா எண்ணும் முடிந்தது. எதுவும் மீதியில்லாமல் போகவில்லை. பதினோரு ஒன்றுகள் வகுபடாது. ஹெப்சிபா தாளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றி வந்தாள். நான் செய்த முறுக்கைப் பாகீரதி சாப்பிடமாட்டாள் என்பதால் ஒரு சீப்புக் கதலிப்பழம் வாங்கி வைத்தேன். தினமும் வாசலில் நின்று அவர்கள் போடுவதைப் பார்த்துப் பழகிய தேவமணி ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டு, அப்பாவுக்குக் கடிதம் எழுதப் போனாள்.

கொண்டாட்டம் ஜனவரி வரைதான். டிப்டியிடம் மாதிரி காட்ட ஒரு வகுத்தலை முழுதாக எழுதி வைக்கலாம் என்று ஹெப்சிபா தாளிலிருந்து ஏதோ ஓர் எண்ணை எடுத்துத் தானே போட்டாள். மீதி வேறாக வந்தது. துடைத்துவிட்டு மறுபடி போட்டாள். அதே வேறு மீதி. அடுத்த எண்ணைப் போட்டாள், அது சரியாக இருந்தது. அதற்கடுத்தது சரி. அதற்கும் அடுத்தது தப்பு.

மறுநாள் ஒன்றும் சொல்லாமல் பாகீரதியைச் சோழி போட வைத்தாள். முதலில் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பொழுது சாயச் சாயப் பாகீரதி அசந்துபோனாள். ஒரு மீதியை அவள் சொன்னதும், ஹெப்சிபா பெஞ்சிலிருந்து எழுந்து வந்து குனிந்து சோழிகளைப் பார்த்தாள்.

"பாகீரதி, சோழியை அள்ளாத. இப்பம் சொன்னதைத் திரும்பச் சொல்லு."

பாகீரதி சொன்னாள். விரலால் காட்டிக்கொண்டே சொன்னாள். அவள் விரல் வலது கோடியில் ஆரம்பித்து இடது பக்கமாகப் போயிற்று. ஹெப்சிபா வழக்கம்போல இடமிருந்து வலமாக எழுதியிருந்தாள்.

பாகீரதிதான் முதலில் புரிந்துகொண்டாள்.

"எங்காத்துல ஒண்ணாம் ஸ்தானத்துலேர்ந்துதான் சொல்லுவோம் டீச்சர். அப்பா, தாத்தா எல்லாரும் அப்படித்தான். பஞ்சாங்கக் கணக்குக்கு அதுதான் வழக்கம். இங்க வந்தப்புறம் உங்க மாதிரி மாத்திண்டேன். மாத்திண்டுட்டேன்னுதான் நெனச்சேன். அசந்தா பழசு வந்துடறது போலிருக்கு."

இத்தனை நாள் இது ஏன் அகப்படவில்லை என்று ஹெப்சிபா எனக்குச் சொன்னாள். திருப்பிப் போட்ட மீதி வகுக்கிற எண்ணைவிடப் பெரிதாக வந்த சமயங்களில், ஏதோ பிசகு என்று அப்போதே மறுபடி போட்டிருக்கிறார்கள். சிறிதாக வந்தபோது அப்படியே நழுவிப்போயிருக்கிறது. ஒன்பது தள்ளிப் பார்த்தாலும் தெரியாது. இலக்கங்கள் இடம் மாறினால் அவற்றின் கூட்டுத்தொகை மாறாதே. காவல்காரனை வைத்தார்கள், அவனுக்கு இந்தத் திருடனை மட்டும் அடையாளம் தெரியவில்லை.

"எந்தெந்தது தப்புன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாதுக்கா. நடுவுல உள்ளதை எல்லாம் துடைச்சாச்சு. எது வேணும்னாலும் தப்பா இருக்கலாம்."

"இருந்துட்டுப் போவுது. ஆயிரத்துல அம்பது தப்பா இருந்தா என்ன குடிமுழுகிப் போச்சு? அந்த மனுஷன் உக்காந்து போட்டுப் பாக்கவா போறாரு? படாதுன்னு சொல்லு. கையெழுத்தை வாங்கு. பிள்ளைய படிக்கட்டும்."

"நெஞ்சைத் தொட்டுச் சொல்லணும்னு சொன்னாருல்லா."

"உன் நெஞ்சுதான, தொட்டுக்க."

ஹெப்சிபா சிரிக்கவில்லை. "அந்த அம்பதுக்குள்ளதான் வகுக்கிற எண் இருக்குன்னா என்ன செய்ய? தப்பைச் சொன்னா தேவமணிக்குப் படிப்பு போச்சு. அவளுக்குப் பெறவு வாரவளுக்கும் போச்சு. இருபத்தி மூணுல இருந்து திரும்பப் போடுதேன்" என்றாள். மார்ச் மாதம் கூப்பிடு தூரத்தில் நின்றது. மிஸ்ஸியம்மா டிப்டிக்கு எழுதி இன்னொரு வருஷம் தவணை கேட்கலாம் என்றார். தேவமணிக்கு இன்னொரு வருஷம் கிடையாது என்று ஹெப்சிபா சொல்லிவிட்டாள். எனக்கு அவள்மேல் வந்த கோபத்தில் அன்றைக்கு ஒரு நல்ல கத்தரிக்கோலைக் கீழே போட்டு உடைத்தேன்.

மறுநாள் பாகீரதி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஹெப்சிபா தனியாகக் கீறிக்கொண்டிருந்தாள். பாகீரதி இனி வரமாட்டாள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். வெட்கப்பட்ட பெண் வீட்டுக்குள் போய்விட்டால் அவளை வெளியே கொண்டுவர ஆள் ஏது?

மூன்றாம் நாள் வந்தாள். கையில் மணை இல்லை. நேராக வந்து ஹெப்சிபாவின் பெஞ்சில், அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கை நீட்டி ஹெப்சிபாவின் சிலேட்டை வாங்கினாள். அவள் விரல் எங்கள் சிலேட்டின் கட்டையைப் பிடித்திருந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"வாயால சொன்னாத்தானே தப்பு வரது? இனிமே நான் சொல்லலை. நானும் எழுதறேன். ஆளுக்குப் பாதி. நான் போட்டதை நீங்க பாருங்கோ, நீங்க போட்டதை நான் பாக்கறேன்."

"தொட்டுட்டியே" என்றாள் ஹெப்சிபா.

"தொட்டா குளிக்கணும், அவ்வளவுதானே. வழியில ஆறு இருக்கு."

"அம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"தினம் நனைஞ்சுண்டு போய் நின்னா தெரியாமலா இருக்கும்? நானே சொல்லிட்டேன். அம்மா ரெண்டு நாள் பேசலை. இன்னிக்குக் காலம்பற வண்டியைப் பூட்டச் சொன்னா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பனங்காய்ப் பிசின் என்றெல்லாம் நினைத்தவள் நான். மூக்கைச் சிந்திவிட்டு, "பெஞ்சுல பிரம்பு பிஞ்சிருக்கு, பைய உக்காரு" என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு என் அறையில் சோழிச் சத்தம் இல்லை. இரண்டு சிலேட்டுக் குச்சிகள் கீறும், நிற்கும், சிலேட்டுகள் கை மாறும், மறுபடி கீறும். யாரும் ஓர் இலக்கத்தையும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று ஹெப்சிபா சட்டம் போட்டிருந்தாள். சாயங்காலம் பாகீரதி சிந்துபூந்துறைப் படித்துறையில் வண்டியை நிறுத்தி முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். தை மாதத்துத் தண்ணீர். ஒரு வாரத்தில் இருமல் பிடித்துக்கொண்டது. நான் காய்ச்சிக் கொடுத்தால் குடிக்கமாட்டாள் என்று தெரியும். சுக்கும் உடன்குடிக் கருப்பட்டியும் பொட்டலம் கட்டி, தட்டிக் கொதிக்க வைத்துக் குடி என்று வண்டியில் போட்டேன். குடித்தாளாம். அவள் அம்மா, கருப்பட்டி நன்றாக இருக்கிறதே, யார் கொடுத்தது என்று கேட்டாளாம்.

மாசி பிறந்து வெயில் ஏற ஆரம்பித்த ஒரு சாயங்காலம். பாகீரதி ஒரு வகுத்தலை முடித்துவிட்டு சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை ஹெப்சிபா பக்கம் தள்ளினாள். ஹெப்சிபா வழக்கம்போல மேலேயிருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக்கொண்டு வந்தாள். கடைசி வரியில் விரல் நின்றது.

"மீதி எங்கன?"

"மீதி இல்லை டீச்சர்."

வகுத்த எண் 21649. ஈவு 513239. ஹெப்சிபா இன்னொரு சிலேட்டை எடுத்து இரண்டையும் பெருக்கினாள். கூட்டலின் கடைசி வரியில் ஒன்று, ஒன்று, ஒன்று என்று எழுதிக்கொண்டே போனாள். நானும் எழுந்துபோய் எண்ணினேன். பதினொன்று இருந்தன. அவ்வளவு பெரிய எண்ணைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. ஹெப்சிபா பாகீரதியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். பாகீரதி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பழைய தாளில் 21649-க்கு நேரே 17278 என்று மீதி எழுதியிருந்தது. எங்கே தவறியது என்று ஹெப்சிபா ஒவ்வொரு மீதியாகத் திருப்பிப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தாள். நடுவில் ஒரு மீதி 5174. அது 4715 ஆகச் சிலேட்டில் ஏறியிருக்கிறது. அந்த ஒரு தவறோடு நாங்கள் டிப்டிக்கு முன்னால் போய் நின்றிருப்போம்.

மார்ச்சில் டிப்டி வந்தார். என் அறையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் விண்ணப்பத்தைக் கேட்கவில்லை, பிள்ளைகள் தைத்த துணியைப் பார்த்தார், வருகையைப் பார்த்தார், கடைசியில் ஞாபகம் வந்தவர்போல, "அந்தக் கணக்கு என்னாச்சு? எல்லாத்தையும் போட்டுப் பார்த்தேளா? படாதுன்னுதானே வந்தது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த அக்கறையைப் பார்த்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. இந்த மனுஷனுக்கு விடை முதலிலிருந்தே தெரியும்.

ஹெப்சிபா கரும்பலகையில் இரண்டு எண்களையும் எழுதினாள். டிப்டி கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைப் புரட்டினார். பலகையைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார்.

"இது சீமைப் புத்தகத்துல அச்சாயிருக்கற விஷயம். யார் எழுதி அனுப்பிச்சா? சென்னைலேர்ந்தா?"

"யாரும் அனுப்பலை ஐயா. நானும் பாகீரதியும் போட்டது."

அவர் அப்போதுதான் பாகீரதியைப் பார்த்தார். பலகை துடைக்கும் துணியும் சாக்குக்கட்டியும் கையில் வைத்திருந்தாள். "நீ டவுன் பஞ்சாங்கக்காரா ஆத்துப் பொண்ணுதானே? இங்க வந்து இதையெல்லாம் தொட்டுண்டு நிக்கறே?"

"தொட்டா குளிச்சுடலாம் மாமா. தப்பான கணக்கு குளிச்சாப் போகாது" என்றாள் பாகீரதி. நான் கையிலிருந்த துணியை வாயில் வைத்துக்கொண்டேன்.

டிப்டிக்குக் காது சிவந்துபோயிற்று. "யாரோ சொன்ன விடையை நான் எப்படி ஒப்புக்கறது?" என்றார்.

"வேற ஒண்ணு குடுங்க ஐயா" என்றாள் ஹெப்சிபா. "இப்பமே குடுங்க."

அவர் எழுந்து பலகைக்குப் போனார். பழைய ஒன்றுகளுக்குக் கீழே ஒன்று ஒன்றாக நிதானமாக எழுதினார். 1111111111111. பதின்மூன்று. "இது எந்தப் புத்தகத்தையும் பார்க்காம எழுதினது. இதுக்கு எத்தனை வருஷம் வேணும்னு சொல்லுங்கோ" என்றார்.

ஹெப்சிபா சாக்குக்கட்டியை வாங்கிக்கொண்டாள். போடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் பெஞ்சுகள் பக்கம் திரும்பி, "தேவமணி, வா" என்று கூப்பிட்டாள்.

ஒரு வருஷத்து உழைப்பை ஒரு பிள்ளையின் கையில் கொடுக்கிறாளே, தப்பாகப் போட்டுவிட்டால்? தேவமணி வந்து பலகைக்கு முன்னால் நின்றாள். சாக்குக்கட்டியை வாங்கிக்கொண்டாள்.

"பதிமூணு ஒண்ணு. ரெட்டிப்பு இருபத்தாறு. மொதல்ல இருபத்தேழு, அது மூணால போயிரும், வேண்டாம். அடுத்தது அம்பத்தி மூணு."

53 என்று எழுதி வகுக்க ஆரம்பித்தாள். ஒரு மீதி, ஒரு ஒன்றை இறக்கு, ஒரு மீதி, ஒரு ஒன்றை இறக்கு. பாகீரதி பக்கத்தில் நின்று கண்ணாலேயே கூடப் போட்டாள். கடைசி ஒன்றை இறக்கினாள். 371 வந்தது. ஏழு தடவை ஐம்பத்து மூன்று எவ்வளவு என்று எனக்கே தெரியும்.

மீதி இல்லை.

தேவமணி பலகைக்கு வந்து நின்றதிலிருந்து ஒரு வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரம்கூட ஆகியிருக்காது. டிப்டி பலகைக்குக் கிட்டே போய் அந்த வகுத்தலைத் தானே ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு நாற்காலிக்குத் திரும்பி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "அந்த விண்ணப்பத்தைக் கொண்டாங்கோ" என்றார். மிஸ்ஸியம்மா மசிக்கூட்டை நகர்த்தி வைத்தார். டிப்டி கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார், நான் பக்கத்தில் போய் நின்று மசி காயும்வரை பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

அவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு வாசற்படி வரை போய்விட்டார். அடுத்த பள்ளிக்கூடத்துக்குப் போக வண்டி நின்றது. பலகைப் பக்கம் இன்னும் கீறும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"தேவமணி, போதும். உக்காரு" என்றாள் ஹெப்சிபா.

"இந்த ஈவும் போவுமான்னு பாக்கேன் டீச்சர். அடுத்தது எழுபத்தொம்பதுல்லா."

டிப்டி படியிலேயே நின்றுவிட்டார். வண்டிக்காரன் வந்து கூப்பிட்டான். இருப்பா என்று கையைக் காட்டினார். தேவமணி யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. போட்டுக்கொண்டே போனாள். வண்டிக்காரன் மறுபடி வந்தான். டிப்டி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பிள்ளைகளின் பெஞ்சில் ஓர் ஓரமாக உட்கார்ந்தார்.

"இதுக்கும் மீதி இல்லை" என்றாள் தேவமணி.